இன்றைய உபயம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் கணவர் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லித் திரிவார். பொய்யில்லை. ஆனால் வருடக்கணக்காக யாரிடமும் ஒரு சதம் வாங்காமல் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறவளுக்குக் கோபமாவது மிஞ்ச வேண்டாமா என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டு பெற்றோல் நிலையத்து ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

எங்கள் தளத்தை எல்லோரும் ‘பலகை’ என்றுதான் சொல்வார்கள். ஈஸ்ட் ஹாமில் நான் சாமான் வாங்குகிற கடையின் வாசலில் முன்பு ஒரு பலகை இருந்தது. அறை வாடகைக்கு, சமையலுக்கு ஆள் தேவை, பிள்ளை பார்க்க ஆள் தேவை, தேர்த்திருவிழா, மரண அறிவித்தல் என்று துண்டுத் தாள்களில் எழுதிக் குத்தியிருப்பார்கள். லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு முதல் அறை கிடைத்ததும் அந்தப் பலகையில்தான். பிறகொரு நாள் கடையைத் திருத்தினார்கள். பலகை இருந்த இடத்தில் மீன் வைக்கிற குளிர்பெட்டி வந்து நின்றது. கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, மீன் விற்கிறது, துண்டு விற்கவில்லை என்றார். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாத ஆத்திரத்தில்தான் நூலகத்தில் கவுன்சில் நடத்திய இலவச வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் பலகையை இணையத்தில் ஏற்றினேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு அரைநாள் வேலை. மற்ற அரைநாள் பலகைக்குப் போனது.

முன்பக்கத்தில் இடப்பக்கம் அறைகளும் வேலைகளும் இருக்கும். வலப்பக்கம் கோயில்களும் தேவாலயங்களும். மேலே, திறந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில், அன்றைய மரண அறிவித்தல்கள். எங்கள் ஆட்கள் காலையில் முதலில் தேடுவது செத்தவர்களைத்தான். யார், எந்த ஊர், யாருக்கு என்ன முறை, பார்வைக்கு எங்கே வைக்கிறார்கள், நான் போகாவிட்டால் யார் கோபிப்பார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் தேத்தண்ணி இறங்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆட்கள் கூடக் கூட, தளத்தைத் தாங்குகிற நிறுவனம் வாடகையைக் கூட்டிக்கொண்டே போனது. நிறையப் பேர் வந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நிறையப் பேர் வந்தால் நிறையக் கட்டவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடச் சம்பளத்தில் அது கையைக் கடிக்கத் தொடங்கியபோது, ஒன்றில் காசு கேள், இல்லையென்றால் மூடு என்று கணவர் சொன்னார். மூடுகிற பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகவே காசு கேட்கும் வழிகளில் இறங்கினேன்.

முதலில் விளம்பரம். ஒரு சிறு துண்டை நம் பக்கத்தில் ஒட்டிவிட்டால் போதும், எங்கிருந்தோ விளம்பரங்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும், பார்க்கிறவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி காசு வரும் என்றார்கள். வந்து உட்கார்ந்தன. கந்தசஷ்டி அறிவித்தலுக்குப் பக்கத்தில் கோழிப்பொரியல். அறை வாடகைக்குப் பக்கத்தில் கோடி பவுண் மாளிகை. ஒரு தாயின் மரண அறிவித்தலுக்குக் கீழே, அரைகுறை உடுப்போடு ஒரு பெண் சூதாட்டக் காய்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தாயின் மகன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஏசவில்லை. அம்மாவின் படத்தை எடுத்துவிடச் சொல்லி மட்டும் கேட்டார். நான் அம்மாவின் படத்தை விட்டுவிட்டு விளம்பரங்களை எல்லாம் பிடுங்கி எறிந்தேன்.

அடுத்து, முகம் தெரிந்த கடைக்காரர்களிடம் விளம்பரம் கேட்டுப் பார்த்தேன். அறை பிடித்துத் தருகிற முகவர் ஒருவர் தாராளமாகத் தர வந்தார். இலவச அறைத் துண்டுகளைக் கொஞ்சம் கீழே தள்ளினால் போதுமாம். கலியாணச் சமையல்காரர் ஒருவரும் வந்தார். இன்னொரு சமையல்காரரின் பெயர் பலகையில் எங்கேயும் வராதென்றால் வருடம் முழுக்கத் தருவாராம். இருவரையும் நான் அனுப்பிய விதத்தைக் கணவர் இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுவார். என்னை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்று அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

பிறகு சந்தா. மாதம் மூன்று பவுண், கட்டினால் ஒரு கடவுச்சொல். கேட்டவர்கள் எல்லோரும் கட்டாயம், கட்டாயம் என்றார்கள். கட்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். ஆனால் பார்க்கிறவர்களின் தொகை குறையவே இல்லை. பிறகுதான் விளங்கியது, ஒரு வீட்டுக்கு ஒரு கடவுச்சொல், வீடு என்றால் மாமா, மச்சான், சகலன், அவருடைய தமக்கை, கனடாவில் இருக்கிற பெறாமக்கள். அதில் கோபப்பட எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டிலேயே படம் பார்ப்பது என் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரரின் கடவுச்சொல்லில்தான். உண்மையில் வெளியே நின்றது வேறு ஆட்கள். போன கிழமை வந்து இறங்கி, இங்கே வங்கிக் கணக்கும் இல்லாமல், சொந்தமும் இல்லாமல், அறை தேடுகிறவர்கள். பலகை யாருக்காக எழுந்ததோ அவர்களை மட்டும் கச்சிதமாக வாசலில் நிறுத்தியிருந்தேன்.

அந்த நாட்களில்தான் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஓர் அக்கா தொலைபேசி எடுத்தார். மன்னார்க்காரி, வயது அறுபதுக்குக் கிட்ட இருக்கும், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. பக்கம் பூட்டிக் கிடக்கிறது, கார்ட்டால் காசு கட்டத் தனக்குத் தெரியாது, கட்டித் தரவும் ஆளில்லை, முன்பக்கத்தை மட்டுமாவது திறந்துவிட முடியுமா என்று கேட்டார். அறை தேடுகிறீர்களா என்றேன். இல்லை என்றார். வேலை? அதுவும் இல்லை. பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். தாய் செத்தபோது இருவருக்கும் ஏதோ வாக்குவாதம். தம்பி கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தான். லண்டனில்தான் எங்கேயோ இருக்கிறார். நம்பரை மாற்றிவிட்டார். தெரிந்த கோயில் சனமெல்லாம் விசாரித்தும் துப்பில்லை.

“காலமை பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்கேக்க உங்கட முன்பக்கத்தைத் திறப்பன்,” என்றார். “செத்த ஆக்களின்ர படத்தைப் பாப்பன். அதில அவன் இல்லையெண்டா எங்கயோ உயிரோட இருக்கிறான் எண்டு போனை வச்சிடுவன். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம் பிள்ளை.”

அன்று பின்னேரமே பூட்டைக் கழற்றினேன். முன்பக்கத்தை இனி ஒருநாளும் பூட்டமாட்டேன் என்று அவருக்கு வாக்கும் கொடுத்தேன். தம்பியின் பெயரைக் கேட்டு வைத்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

விளம்பரமும் சரிவரவில்லை, சந்தாவும் சரிவரவில்லை என்று நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்த ஒரு வெள்ளிக்கிழமை, கணவர் என்னை ஆர்ச்வேயில் மேடேறிப் போகிற முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றோம். அலுவலக வாசலில் ஒரு தம்பதி, திருவிழாவில் தங்களுக்கு ஆறாம் நாள் உபயம் கிடைக்காததற்கு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உபயம் என்றால் அன்றைய நாளின் செலவை ஒரு குடும்பம் ஏற்பது. பூ, அபிஷேகம், அன்னதானம் எல்லாம் அவர்கள் கணக்கு. பதிலுக்கு அர்ச்சனையில் பெயர் சொல்வார்கள், பிரசாதத் தட்டான காளாஞ்சி முதலில் அவர்கள் கைக்கு வரும். ஆறாம் நாள் தங்கள் தகப்பன் செய்து வந்த நாள் என்றும், அதை இன்னொருத்தருக்குக் கொடுக்க நீங்கள் யார் என்றும் அந்த மனைவி கேட்டார். காசு கொடுப்பதற்காக அவ்வளவு சண்டை.

கணவர் என் காதருகே குனிந்தார். “பாத்தீரோ? தான் பாவிக்கிறதுக்கு மூண்டு பவுண் கேட்டா எங்கட சனம் ஒளிக்கும். ஊருக்குக் குடுக்க ஒரு நாள் இருக்கெண்டு சொல்லிப் பாரும். அடிபட்டு வருவினம்.”

அடுத்த கிழமையே பலகையின் உச்சியில் ‘இன்றைய உபயம்’ என்று ஒரு வரி வந்தது. வருடத்தில் ஒரு நாளை ஒரு குடும்பம் ஏற்கலாம். அன்று முழுக்க அவர்களின் பெயரும், விரும்பினால் ஒரு படமும் மேலே இருக்கும். கணவர் சொன்னபடியே நடந்தது. தைப்பொங்கலுக்கு ஐந்து குடும்பம் அடிபட்டது. ஒரே தகப்பனின் திவச நாளை அண்ணனும் தம்பியும் தனித்தனியே கேட்டு, கடைசியில் ஒருவரோடொருவர் பேச்சை விட்டார்கள். கத்தோலிக்கச் சனமும் தங்கள் கோயில் நவநாளுக்கு உபயம் செய்கிற பழக்கத்தில் அந்தோனியார் திருநாளையும் மடுமாதா திருநாளையும் பிடித்துக்கொண்டார்கள். இந்த நாள் எங்கள் பிள்ளைகளுக்கும் தொடர்ந்து வருமா என்று ஒருவர் கேட்டார். வரும் என்றேன். கோயிலில் இருக்கிற முறைதானே என்ற நினைப்பு. வாடகைக் கவலை தீர்ந்தது. பலகை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடந்தது. நான் வீட்டில் நிமிர்ந்து நடந்தேன்.

உபயத்தை முதலில் ஏற்றவர் எங்கள் தெருமுனையிலிருந்த நகைக்கடை அண்ணை. தான் ஏற்றதோடு நிற்காமல் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் பிடித்து நாள் எழுதவைத்தவர். தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் எந்தச் செத்தவீட்டுக்கும் மாலையோடு போய் நிற்பார். நல்ல மனுசர். இதை முன்பே சொல்லிவைக்கிறேன், பிறகு நடந்ததற்கு அவர் தலையில் பழியைப் போடுகிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது.

அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு ஒரு கோடைச் சனிக்கிழமை. பெரிய மண்டபம். பலகையில் அந்தத் திகதியை உபயமாக வைத்திருந்த குடும்பத்தோடு பேசி நாளை மாற்றி எடுத்திருந்தார். வியாழக்கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, மண்டபத்தில பெரிய திரையில உங்கட பலகையைக் காட்டப்போறம். பிள்ளையின்ர படம் மேல நிக்கும். அண்டைக்கு மட்டும் செத்த ஆக்களை உள்பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கோ. ஒரு நாள்தானே.”

உடனே ஓம் என்றேன். யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைக்கு நீர் வார்க்கிற நாளில், அவளுடைய படத்துக்குக் கீழே செத்த முகங்களா? எங்கள் வீட்டிலும் நல்ல காரியம் நடக்கிற நாளில் சாவுப் பேச்சை எடுத்தால் அம்மா வாயில் போடுவார். நானே அவரிடம் கேட்டிருக்க வேண்டியதை அவர் முந்திக் கேட்டதுபோல இருந்தது. தவிர, உபயகாரர் நாளில் உபயகாரர் சொல்வதற்கு ஒரு இடம் உண்டு. அறை முகவரையும் சமையல்காரரையும் துரத்தியவள்தான் நான். அவர்கள் விலை பேசினார்கள், எனக்குத் தெரிந்தது. அண்ணை கேட்டதில் விலை இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணியிருக்கும், சேலைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அறிவித்தல் மின்னஞ்சலில் வந்தது. ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் ஒன்றாக வாடகைக்கு இருந்தவர்கள் அனுப்பியிருந்தார்கள். எல்லா அறிவித்தலும் தொடங்குவதுபோல, மன்னாரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கியது. வழக்கமாக அதற்குப் பிறகு மனைவி, மக்கள், மருமக்கள், சகோதரர், மைத்துனர் என்று அரைப்பக்கம் நீளும். இதில் ஒன்றுமில்லை. அறையில் செத்துக் கிடந்ததை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கண்டார்களாம், பிரேத பரிசோதனை முடிந்து உடல் இப்போதுதான் கிடைத்ததாம். ஞாயிறு பின்னேரம் பார்வைக்கு, திங்கள் காலை தகனம், உறவினர் எவரும் இருந்தால் தொடர்பு கொள்ளவும் என்று கீழே இரண்டு வரி. பழைய அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம்.

பாவம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அதை உள்பக்கத்தில் போட்டேன். ஞாயிறு காலை முன்னுக்குக் கொண்டுவரலாம், பார்வைக்கு வைப்பது பின்னேரம்தானே என்று கணக்குப் போட்டேன். பிறகு சேலையின் மற்ற மடிப்பைப் பிடித்தேன்.

மண்டபத்தில் பெரிய திரையில் பலகையின் முன்பக்கம் ஒளிர்ந்தது. பாவாடை தாவணியில் பிள்ளையின் படம், அதற்கு மேல் ‘இன்றைய உபயம்’. அண்ணை என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போய் நாலு பேருக்குக் காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது. திரையில் பக்கம் வெளிச்சமாக, அறைகளும் வேலைகளும் கோயில்களுமாக, செத்தவர்கள் யாருமே இல்லாத ஓர் ஊர்போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசி அடித்தது. கோலியர்ஸ் வுட் அக்கா. குரல் சமமாக இருந்தது. முதியோர் இல்லத்தில் ஞாயிறு பகலும் இரவும் திங்கள் பகலும் தொடர்ந்து ஷிப்ட், ஆள் பற்றாக்குறை, தேத்தண்ணிக்கும் வெளியே விடவில்லை, வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிடவேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்தேன். திங்கள் பின்னேரம் பஸ்ஸில் இருந்துதான் பக்கத்தைத் திறந்தேன் என்றார்.

“அது என்ர தம்பி,” என்றார்.

வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டேன்.

“சனிக்கிழமை பத்து மணிக்கும் பாத்தனான் பிள்ளை. வடிவாப் பாத்தனான். அண்டைக்கு ஒருத்தரும் இல்லை. அறிவித்தல்ல சனிக்கிழமைத் திகதி போட்டிருக்கு. அண்டைக்கு ஏன் முன்பக்கத்தில வரேல்லை?”

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். அன்று பக்கத்தில் ஏதோ பிழை நடந்துவிட்டது அக்கா என்று சொன்னேன். இயந்திரங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு பொய் எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும். அவர் நம்பினார். ஓம், இந்தப் போனுகளும் அப்பிடித்தான் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

அந்தக் கிழமை நான் வீட்டில் யார் மேலும் கோபப்படவில்லை. கணவருக்கு அதுவே பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். என்னவென்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது அழுதுகொண்டு சொன்னேன். அவர் சப்பைக்கட்டுக் கட்டவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வாரும் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, பாங்க்கில் மாறி, நோதேர்ன் லைனில் கோலியர்ஸ் வுட் போய் இறங்கினேன். வழி முழுக்க ஒன்றையே யோசித்தேன். விளம்பரக்காரன் காசு தந்தால் பக்கம் அவனுடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது, காவல் இருந்தேன். சந்தா என்றால் கட்ட முடியாதவன் வெளியே நிற்பான் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். உபயம் எங்களுடையது, கோயிலில் இருந்து வந்தது, நாங்கள் வளர்ந்த முறை. அதற்கு நான் காவல் இருக்கவே இல்லை. அந்நியர் கேட்டிருந்தால் ஏன் என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன்.

அக்காவின் வீடு ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை. மாதா சொரூபத்துக்கு முன் பற்றரி மெழுகுதிரி எரிந்தது. அலுமாரிக்கு மேலே வெள்ளைத் துணி மூடி ஒரு பெட்டி. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“முகத்தைப் பாக்கேல்லை,” என்றார். “இந்தச் சாம்பலைத்தான் தந்தவை. சுவாமியாரிட்ட கேட்டிருக்கிறன், அடக்கம் பண்ணலாமாம்.”

தம்பி இருந்த வீட்டுக்கும் போயிருக்கிறார். கூட இருந்தவர்கள் நல்ல பிள்ளைகள், தங்களுக்குத் தெரிந்தபடி தேவாரம் பாடி அனுப்பிவைத்தார்களாம். தம்பி மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரன் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த அறை அவருக்குப் பலகையில் பார்த்துக் கிடைத்ததாம். அதை எனக்குச் சந்தோஷமான செய்தியாகச் சொன்னார்.

அதற்கு மேல் இருக்க முடியவில்லை. பிழை நடக்கவில்லை அக்கா, நான்தான் உள்ளே தள்ளினேன் என்றேன். சாமத்தியவீடு, உபயம், திரை, சேலை மடிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் எழுந்து மாதாவுக்கு முன்னால் இருந்த மெழுகுதிரியை நேராக்கி வைத்துவிட்டு வந்து இருந்தார். பிறகு, “பொம்பிளைப் பிள்ளையின்ர நல்ல நாள்,” என்றார். “நானெண்டாலும் அப்பிடித்தான் கேட்டிருப்பன்.”

எழுந்து தேத்தண்ணி வைத்தார். கேத்தல் கொதிக்கிற சத்தத்துக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். தோளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. கோப்பையைக் கையில் தந்தபோது கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு நாளுக்கு உபயம் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை.

“அவன் செத்த நாள் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. அந்தச் சனிக்கிழமைத் திகதிதான் எனக்கு நாள். அதை எனக்குத் தாங்கோ.”

அந்தத் திகதி அண்ணையின் மகளின் பெயரில் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“இருக்கட்டும். பிள்ளையின்ர பேர் மேல நிக்கட்டும். எனக்குப் பேரும் வேண்டாம், படமும் வேண்டாம். நான் தாற காசுக்கு ஒண்டு மட்டும் செய்யுங்கோ. அண்டைக்குச் செத்த ஆக்கள் ஒருத்தரையும் உள்ளுக்குத் தள்ளாதைங்கோ.”

திரும்பி வந்து நகைக்கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை கையிலிருந்த சங்கிலியைத் தராசில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஒருத்தருமில்லாத அந்தச் செத்தவீட்டுக்குத் தானாவது போயிருப்பேனே, முன்பக்கத்தில் வந்திருந்தால் தானும் பார்த்திருப்பேனே என்றார். அது அவர் மனதில் தைத்துவிட்டது. உபயகாரர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். நாள் உங்களுடையது, பெயர் வரும், படம் வரும், ஆனால் அன்றைக்குச் செத்தவர்கள் அன்றைக்கே முன்பக்கத்தில் வருவார்கள், அதில் கைவைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தங்கள் நாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கலியாண நாள், பிறந்தநாள் வைத்திருந்தவர்கள்தான் கூட. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விடுபட்ட நாட்களில் அந்த வரி வெறுமையாக இருக்கும். அந்தக் குறையைக் கணவர் சனிக்கிழமைகளில் கூடுதலாக ஒரு ஷிப்ட் செய்து நிரப்புகிறார், அதைச் சொல்லிக் காட்டவும் தவறுவதில்லை.

அண்ணை தன் நாளைத் திருப்பித் தரவில்லை. இந்த வருடம் அந்தத் திகதி வந்தபோது மகளின் புதிய படத்தை அனுப்பினார். உச்சியில் அவளுடைய பெயர். அதற்குப் பக்கத்தில் ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’. கீழே அன்றைய அறிவித்தல்கள் மூன்று. வெம்பிளியில் ஒரு தாய், டூட்டிங்கில் ஓர் ஆசிரியர், குறொய்டனில் சொந்தம் என்று எழுத யாருமில்லாத ஒரு கிழவர். மூவரையும் பிள்ளையின் சிரித்த முகத்துக்கு நேர் கீழே வைத்தேன். வைக்கும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது, வளர்ந்த முறை அவ்வளவு இலகுவில் விட்டுப்போகாது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் மணி பத்து அடித்துச் சில நிமிடம் கழித்து என் போன் மேசையில் அதிர்ந்தது. அக்கா. தேடுவதற்கு அவருக்கு இனி யாருமில்லை. ஒரு வரிதான் அனுப்பியிருந்தார்.

“பாத்திட்டன் பிள்ளை. மூண்டு பேர்.”